படத்தில் ஒட்டும் சீட்டும் ஓர் அமானிதமே!



இன்று கடைவீதி இரண்டாகிவிட்டது. ஒன்று, காலையில் ஷட்டரைத் தூக்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி நாம் உட்காரும் வீதி. மற்றொன்று, வாடிக்கையாளர் தம் வீட்டில் இருந்தபடியே செல்போனில் விரலால் தள்ளிக்கொண்டு போகும் வீதி. முதல் வீதியில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல், மேலப்பாளையத்தில் கைலி, மண்ணடியில் மொத்த வியாபாரம் என்று நம் பெயர் அங்கே நிலைத்திருக்கிறது. இரண்டாவது வீதியில் நம் கடை எங்கே?

"ஏன், நாங்களும் இருக்கிறோமே!" என்று இளைஞர்கள் சிலர் சொல்வது கேட்கிறது. இருக்கிறீர்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு படம். அதன் கீழே, "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்! என்ன அளவு? எதனால் செய்தது? எந்த ஊர்ச் சரக்கு? எத்தனை நாளில் வந்து சேரும்? பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா? ஒன்றுக்கும் பதில் இல்லை. நேரில் வரும் வாடிக்கையாளருக்கு இப்படி வாய்மூடி நின்றுகொண்டு பொருளை மட்டும் தூக்கிக் காட்டினால் அவர் வாங்குவாரா? எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். செல்போனிலும் அதுதான் நடக்கிறது.

ஊமையாக நிற்கும் படத்திற்கு வாய் கொடுக்கும் வசதி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. படத்தின் மேலேயே டேக் போடும் வசதி அது. அதை நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். வியாபாரிகள் பயன்படுத்த வேண்டும். அதோடு, அந்த டேக்கில் எழுதும் ஒவ்வொரு எழுத்துக்கும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சமும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

டேக் என்றால் என்ன?

துணிக்கடையில் சேலையின் ஓரத்தில் ஒரு சீட்டு தொங்குகிறதே, அதன் செல்போன் வடிவம்தான் டேக். படத்தின் மேல் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதை விரலால் தொட்டால் பொருளின் பெயர், விலை, விவரம் விரியும்; அங்கிருந்து வாங்கும் இடத்துக்கும் போகலாம். ஒரே படத்தில் நான்கு பொருள்கள் இருந்தால் நான்கின் மேலும் தனித்தனியாகப் புள்ளி வைக்கலாம்.

இது திடீரென்று முளைத்தது அல்ல. ஒரே படத்தின் வெவ்வேறு பகுதிகளைத் தொட்டால் வெவ்வேறு பக்கம் திறக்கும் முறை 1990களிலேயே இன்டர்நெட்டில் வந்துவிட்டது. 2005ல் ஃபேஸ்புக் படத்தில் இருக்கும் ஆட்களின் மேல் பெயரை ஒட்டும் வசதியைக் கொடுத்தது. பின்லாந்து நாட்டில் தோன்றிய திங்லிங்க் என்ற சேவை, படத்தின் எந்த இடத்திலும் புள்ளி வைத்து அதற்குள் எழுத்தும் ஒலியும் வீடியோவும் சேர்க்க வழி செய்தது. இன்ஸ்டாகிராம் 2016ல் அமெரிக்காவில் சில நிறுவனங்களோடு பொருள் டேக்கைச் சோதித்துப் பார்த்து, 2018ல் பல நாடுகளுக்கும் விரித்தது. 2019 நவம்பரில் வாட்ஸ்அப் பிசினஸில் பொருட்பட்டியல் போடும் வசதி நம் நாட்டுக்கும் வந்தது.

இந்த வசதிகள் எல்லாக் கணக்குக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. நிறுவனங்கள் நினைத்தபோது விதியை மாற்றுகின்றன. அதனால் கவலைப்பட வேண்டாம். டேக் வசதி கிடைக்காதவர் படத்தின் மேலேயே 1, 2, 3 என்று எண் போட்டு, கீழே அந்தந்த எண்ணுக்கு நேராக விவரம் எழுதலாம். செல்போனில் படத்தைத் திருத்தத் தெரிந்த எந்தச் சிறுவனும் இதைச் செய்துவிடுவான். கருவி எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: வாங்குபவர் கேட்கப் போகும் கேள்விக்கு, அவர் கேட்பதற்கு முன்பே, அந்தப் பொருளின் மேலேயே பதில் சொல்வது.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம்

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகில் இருக்கிறது பத்தமடை. அங்கே கோரைப்பாய் நெய்வது பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்கள். கோரையை வெட்டிக் காய வைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காய வைத்து, மெல்லிய இழையாகக் கீறி, சாயம் ஏற்றி, தரையோடு போட்ட தறியில் குனிந்து உட்கார்ந்து நெய்கிறார்கள். நயமான பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். துணியைப் போல் மடித்து வைக்கலாம், அவ்வளவு மென்மை! கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரையும் தேதியையும் நெய்து வாங்கும் வழக்கமும் உண்டு. இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இந்தப் பாயைப் படமெடுத்துப் போடுங்கள். பக்கத்தில் விசைத்தறியில் ஓடிய பாயையும், பிளாஸ்டிக் இழையில் செய்த பாயையும் படமெடுத்துப் போடுங்கள். செல்போன் திரையில் மூன்றும் பாய்தான்! மூன்றும் பளபளப்பாகத்தான் தெரியும். பிளாஸ்டிக் பாய் இன்னும் கொஞ்சம் கூடவே பளபளக்கும். கைத்தறிப் பாயின் விலையைப் பார்த்தவுடன், "இவ்வளவா!" என்று வாடிக்கையாளர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அவர் மீது குற்றமில்லை. வித்தியாசத்தை அவருக்கு யார் சொன்னார்கள்?

இப்போது அதே படத்தில் புள்ளிகளை வையுங்கள். பாயின் நடுவில் ஒன்று: இது கைத்தறியில் நெய்தது. ஓரத்தில் ஒன்று: பாவு பருத்தி நூல். வண்ணக் கரையில் ஒன்று: இது இன்ன சாயம், தண்ணீரில் போட்டால் இப்படி இருக்கும். மூலையில் ஒன்று: நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு. இன்னொன்று: நெய்ய இத்தனை நாள் ஆகும், விலை இவ்வளவு, அனுப்பும் செலவு இவ்வளவு. விருப்பமுள்ள சகோதரி பர்தாவைப் பேணிக்கொண்டு, தன் கை மட்டும் தெரிய கோரை கீறும் காட்சியைச் சிறு வீடியோவாக ஒரு புள்ளிக்குள் வைக்கலாம். "இவ்வளவா!" என்று சொன்ன அதே வாடிக்கையாளர், "இவ்வளவு வேலையா இதில்!" என்பார். எல்லோரும் வாங்கிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குபவர் தெரிந்து வாங்குவார். வாங்காதவரும் அந்த உழைப்பை மதித்துப் போவார்.

இதற்கு நேர்மாறாகவும் செய்யலாம். வேறெங்கோ இயந்திரத்தில் ஓடிய பாயைப் படமெடுத்து, "பத்தமடைக் கைத்தறி" என்று அதே புள்ளியில் எழுதலாம். எழுதுவதற்குக் கருவி தடை சொல்லாது. ஆனால் அந்த ஒரு சொல், குனிந்து நெய்யும் ஒரு சகோதரியின் கூலியைத் திருடுகிறது. வாங்குபவரின் பணத்தையும் திருடுகிறது. புவிசார் குறியீடு பெற்ற பெயரைப் பொய்யாகப் போடுவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். சட்டம் வருகிறதோ இல்லையோ, அல்லாஹ்வின் விசாரணை நிச்சயம் வரும்.

மார்க்கம் தந்த இலக்கணம்

"இன்ஸ்டாகிராமுக்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. கண்ணால் பார்க்காத பொருளை, விவரத்தை மட்டும் நம்பி, முன்பணம் கொடுத்து வாங்குவது புதிய பிரச்சினை என்று நினைக்கிறீர்களா? பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மதீனாவில் இருந்த பிரச்சினை இது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் பேரீச்சம்பழத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்கூட்டியே பணம் கொடுத்து வைக்கும் வழக்கம் உடையவர்களாக இருந்தார்கள். நபியவர்கள் அதை ஒரேயடியாகத் தடுக்கவில்லை. அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதைத்தான் நம் மதரஸாக்களில் ஸலம் வியாபாரம் என்று பாடமாகப் படிக்கிறோம். இனம், வகை, தரம், அளவு, ஒப்படைக்கும் நாள் என்று ஒவ்வொன்றையும் தெளிவாகச் சொன்னால்தான் அந்த ஒப்பந்தம் செல்லும் என்று இமாம்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு ஒருவர் முன்பணம் அனுப்புகிறார் என்றால், அங்கே நடப்பது இத்தகைய ஒப்பந்தம்தான். "சீக்கிரம் அனுப்புகிறோம்" என்று எழுதினால் போதாது. எத்தனை நாளில் என்று எழுத வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகு பாய் வந்து என்ன பயன்?

பார்க்காமல் வாங்கியவருக்குப் பொருளைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. பார்க்காத பொருளை விற்பதில் ஷாஃபிஈ மத்ஹப் இன்னும் கடுமையானது. எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும், எந்த மத்ஹபையும் பின்பற்றாமல் நேராக ஹதீஸைப் பார்த்தாலும், முடிவு ஒன்றுதான்: தெளிவில்லாத வியாபாரம் கூடாது. "திருப்பி எடுக்க மாட்டோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, விவரத்தைப் பொடி எழுத்தில் கூடப் போடாமல் இருப்பது எந்த மத்ஹபில் வருகிறது?

விலையை மறைப்பதும் அப்படித்தான். "இன்பாக்ஸ் வரவும்" என்பதன் உள்நோக்கம் சிலரிடம் என்ன? ஆளைப் பார்த்து, அவர் முகவரியைப் பார்த்து, விலையைக் கூட்டுவதுதான். பேரம் பேசுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் ஏமாந்தவருக்கு ஒரு விலை, விவரம் தெரிந்தவருக்கு ஒரு விலை என்பது நாணயமான வியாபாரியின் வழி அல்ல. நம் நாட்டில் 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் மொத்த விலையைத் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. பொய் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது. படத்தில் ஒட்டும் டேக்கும் விளம்பரம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

மடி கட்டிய ஆடும் மெருகேற்றிய படமும்

அக்காலத்தில் ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கச் செய்து சந்தைக்கு ஓட்டி வருவார்கள். பார்ப்பவருக்கு நிறையப் பால் தரும் ஆடு போலத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமையையும் கொடுத்தார்கள்.

சகோதரர்களே! ஆட்டைக் குறித்து அவர் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆடு உண்மையான ஆடு. மடி உண்மையான மடி. ஆனாலும் தோற்றத்தை மாற்றிக் காட்டியதே ஏமாற்று ஆகிவிட்டது! இன்று ஃபில்டர் போட்டுச் சாயத்தின் நிறத்தைக் கூட்டுகிறோமே, நாலடிப் பாயைக் கீழிருந்து படமெடுத்து ஆறடி போலக் காட்டுகிறோமே, ரெக்ஸினை வெளிச்சத்தில் வைத்துத் தோல் போல மின்ன வைக்கிறோமே, இதற்கும் மடி கட்டுவதற்கும் என்ன வேறுபாடு?

இன்னொரு நிகழ்ச்சியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது.

இதில் வியாபாரிக்கு ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது; கவனித்தீர்களா? நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. மேலே வை என்றுதான் சொல்லப்பட்டது. டேக் என்பது ஈரத்தை மேலே வைக்கும் கருவி! பாயின் ஓரத்தில் ஓர் இழை விட்டிருக்கிறதா? அங்கேயே ஒரு புள்ளி வையுங்கள். "இந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது, அதனால் இவ்வளவு ரூபாய் குறைத்திருக்கிறோம்" என்று எழுதுங்கள். செருப்பில் கீறல் இருக்கிறதா? கீறலின் மேலேயே புள்ளியை வையுங்கள். வியாபாரம் கெட்டுப் போகுமே என்று பயப்படுகிறீர்களா? உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியாக நமக்கு வந்திருக்கிறதே, அதை நம்புகிறோமா இல்லையா?

உலகக் கணக்கிலேயே பாருங்கள். குறையைச் சொல்லி விற்ற பொருள் திரும்பி வராது. மறைத்து விற்ற பொருள் திரும்பி வரும். கூரியர் செலவு இரண்டு மடங்கு. கூடவே ஊரறிய ஒரு வசவும் வரும்.

வாங்குவது போல் நடித்து விலையை ஏற்றிவிடும் ஆளை ஏற்பாடு செய்வதையும் நபியவர்கள் தடுத்தார்கள். காசு கொடுத்து லைக் வாங்குவதும், தம்பியையும் மச்சானையும் வைத்து, "சூப்பர் சரக்கு, நேற்றுதான் வாங்கினேன்" என்று பொய்யாக எழுத வைப்பதும் அதே வகைதான்.

கையில் இல்லாத சரக்கு

இளைஞர்களிடம் இன்று பரவலாக ஒரு பழக்கம் இருக்கிறது. எங்கோ ஒரு மொத்த வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை எடுத்து, தன் கடைப் பெயரை அதில் ஒட்டி, விலையைக் கூட்டி, டேக் போட்டு விற்கிறார்கள். பொருளைப் பார்த்தது இல்லை, தொட்டது இல்லை, கிடங்கில் இருக்கிறதா என்றும் தெரியாது. பணம் வந்த பிறகுதான் அங்கே கேட்கிறார்கள்.

தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது திர்மிதீ, அபூதாவூத் போன்ற நூல்களில் இருக்கிறது. அப்படியானால் முதலீடு இல்லாத இளைஞர் என்ன செய்வது? வழி இருக்கிறது. "நான் இன்னாரின் ஏஜெண்ட், விற்றுத் தந்தால் எனக்குக் கமிஷன்" என்று மொத்த வியாபாரியோடு பேசிக்கொண்டு, ஏஜெண்டாகவே விற்கலாம். வாங்குபவரிடமும் அதை மறைக்கத் தேவையில்லை. பத்துப் பொருளையாவது வாங்கி வைத்து, சொந்தமாகப் படமெடுத்து, கையால் தொட்டுப் பார்த்து எழுதினால் அந்த டேக்குக்கு ஒரு மதிப்பு இருக்கும். தொடாத பொருளைப் பற்றி, "மிருதுவானது" என்று எழுதுவது எப்படி நியாயம்?

ஆட்களின் மேல் ஒட்டும் சீட்டு

பொருளின் மேல் டேக் போடுவது ஒன்று. ஆளின் மேல் டேக் போடுவது வேறொன்று. கடைத் திறப்பு விழாப் படத்தைப் போட்டு, சம்பந்தமே இல்லாத ஐம்பது பேரின் பெயரை அதில் ஒட்டுகிறார்கள். ஐம்பது பேரின் கதவையும் ஸலாம் சொல்லாமல் தள்ளித் திறப்பது போன்ற செயல் இது. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்பது 24ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் கற்றுத்தந்த ஒழுக்கம். தொல்லை கொடுத்து வாங்கிய கவனம் வியாபாரமாக மாறாது, எரிச்சலாகத்தான் மாறும்.

குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கடைக்கு வந்த சகோதரியின் படத்தை அவர் அனுமதி இல்லாமல் போடுவதும், பெயரை ஒட்டுவதும் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தப் பெயரைத் தொட்டால் அவருடைய கணக்குக்கே வழி திறக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். யார் யாரோ அங்கே போய் நிற்பார்கள். ஒரு பாய் விற்பதற்காக ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுக்கலாமா?

"படம் எடுப்பதே கூடுமா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயிருள்ளவற்றின் உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாய், பூட்டு, செருப்பு, கைலி போன்ற உயிரற்ற பொருள்களைப் படமெடுப்பதில் அந்தச் சர்ச்சைக்கே இடமில்லை. பொருளை விற்கப் பெண்ணின் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, பொருளையே காட்டுங்கள்.

வாடகை நிலத்தில் மாளிகை வேண்டாம்

இந்தக் கருவிகள் எதுவும் நம்முடையவை அல்ல. இன்னொருவர் நிலத்தில் கடை போட்டிருக்கிறோம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அதை மட்டுமே நம்பி வாடிக்கையாளரைச் சேர்த்தவர்கள் மறுநாள் காலை வெறுங்கையோடு நின்றார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் பல மணி நேரம் முடங்கின. மூன்றும் ஒரே முதலாளியுடையவை என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது.

எனவே டேக்கைத் தொட்டு வந்த வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும், அவர் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். படங்களையும் விவரங்களையும் தனியாகச் சேமித்து வையுங்கள். கடன் வாங்கி விளம்பரத்துக்குக் கொட்டாதீர்கள். வட்டிக்கு வாங்குவது அறவே வேண்டாம். முதலில் காசில்லாமல் செய்யக்கூடியதைச் செய்யுங்கள்: நல்ல வெளிச்சத்தில் ஒரு படம், உண்மையான விவரம், கேட்டவருக்கு அன்றே பதில். இந்த மூன்றும் இல்லாமல் விளம்பரத்துக்குப் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்குச் சமம்.

புறக்கணிப்புக்கு நம் பதில்

இதையெல்லாம் ஓர் அமைப்பின் இதழில் ஏன் எழுத வேண்டும்? உரிமை, இடஒதுக்கீடு, போராட்டம் என்று எழுதுவதற்கு எத்தனையோ இருக்கிறதே என்று கேட்கலாம். எழுதுவோம், போராடுவோம். 2007ல் தமிழகத்தில் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு பெற்றதும் போராட்டத்தின் பயன்தான். ஆனால் நம் வீடுகளில் பலவற்றில் அடுப்பு எரிவது வியாபாரத்தால். அந்த அடுப்பின் மேலேயே கை வைக்கிறார்கள்!

2020 ஏப்ரலில் கொரோனாவை நம் தலையில் கட்டி, தள்ளுவண்டியில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிமிடம் வாங்காதே என்று வடமாநிலங்களில் பிரச்சாரம் செய்தார்கள். 2022 மார்ச்சில் கர்நாடகத்தின் கடலோரப் பகுதிகளில் கோயில் திருவிழாக்களில் நம்மவர்கள் கடை போடத் தடை போட்டார்கள். இந்த விஷப் பிரச்சாரமும் செல்போன் வழியாகத்தான் பரவியது. படத்தின் மேல் பொய்யை எழுதி ஒட்டினார்கள். நம்மைப் பற்றி அவர்கள் ஒட்டிய சீட்டுகள் அவை!

அதற்கு நம் பதில் என்ன? சட்டத்தின் முன் நிற்பது ஒரு பதில். அதை அமைப்பு செய்யும். இன்னொரு பதிலை ஒவ்வொரு வியாபாரியும் தினமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மாற்றுமதச் சகோதரர்கள். "பாய் கடையில் வாங்கினேன், சொன்ன அளவு, சொன்ன விலை, குறையைக் கூட அவரே சொன்னார்" என்று அவர் தம் வீட்டில் சொல்லும் ஒரு வார்த்தை, ஆயிரம் பொய்ப் பிரச்சாரத்தைத் தடுக்கும். நேர்மாறாக, நம்மில் ஒருவர் டேக்கில் எழுதும் ஒரு பொய், அந்தப் பிரச்சாரத்துக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் ஆதாரம் ஆகிவிடும். ஒரு கடைக்காரரின் பொய்க்காக ஒரு சமுதாயமே ஏச்சு வாங்கும் காலம் இது. இது அநியாயம்தான். ஆனால் நிலைமை இதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

கல்லூரியில் படிக்கும் இளைஞர்களே! உங்கள் ஊர்க் கடைவீதிக்குப் போங்கள். செல்போனைப் பார்த்து மிரளும் ஒரு பெரியவரின் கடையைத் தேர்ந்தெடுங்கள். "வாப்பா, உங்கள் சரக்கைப் படமெடுத்து நான் போட்டுத் தருகிறேன்; விவரத்தை நீங்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவருக்குச் சரக்கு தெரியும். உங்களுக்குக் கருவி தெரியும். இரண்டும் சேர வேண்டும். இதற்கு நியாயமான கூலி பேசிக்கொள்வதிலும் தவறில்லை.

வியாபாரப் பெருமக்களே! பையன் போடும் டேக்கைப் படித்துப் பார்க்காமல் விடாதீர்கள். கடை உங்களுடையது, எழுத்துக்கும் நீங்களே பொறுப்பு. ஒவ்வொரு படத்திலும் பொருள் என்ன, எதனால் ஆனது, என்ன அளவு, மொத்த விலை என்ன, என்ன குறை, எத்தனை நாளில் சேரும், திருப்பித் தரும் வழி என்ன என்ற ஏழும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உணவுப் பொருள் விற்பவர்கள் பதிவு எண்ணையும், தயாரித்த நாளையும், கெடும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹலால் என்று எழுதுவதானால், அறுத்தவர் யார், எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளை நிர்வாகிகளே! ஜும்ஆவுக்குப் பிறகோ அஸருக்குப் பிறகோ இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மேசை, சில பொருள்கள், இரண்டு செல்போன் போதும். பயிற்சி கொடுத்துவிடலாம். வீட்டிலிருந்து தைக்கும், நெய்யும், ஊறுகாய் போடும் சகோதரிகளுக்குப் பெண்களைக் கொண்டே தனியாக நடத்துங்கள். இடைத்தரகர் கையில் போகும் லாபத்தில் ஒரு பங்காவது நெய்தவர் கைக்கு வர இது வழி செய்யும்.

அளவில் குறைப்போரைக் கண்டித்தே தொடங்கும் ஓர் அத்தியாயம் குர்ஆனில் இருக்கிறது. 83ஆம் அத்தியாயமான அதை நாம் தொழுகையில் ஓதுகிறோம். படிக்கல்லில் குறைத்தால்தான் குறைப்பு என்று எண்ணிவிட வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாலும் குறைப்புதான். படத்தில் நீங்கள் வைக்கும் புள்ளி சிறியது. அதை எழுதி வைக்கும் வானவர்களின் ஏட்டில் எதுவும் சிறியது அல்ல.

உண்மை பேசும் வியாபாரிகளாக வாழ்ந்து, அந்த நிலையிலேயே அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!